கோணமலை விளிம்பிலும் பக்கத்துக் குன்றுகளிலும் நடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் லீவுக்குத் திருகோணமலை வந்தால் முதல் நாள் கடற்குளிப்பு, இரண்டாம் நாள் கோணேசர் கோயில். மூன்றாம் நாள் எனக்குப் போன் வரும். "தம்பி, வேறெங்கே மேலே ஏறிக் கடல் பார்க்கலாம்? அங்கே வேலி இருக்கா? மாமிக்கு முழங்கால் நோ, ஏலுமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் எழுதியது இது. நான் மனையாவெளியில் பிறந்து வளர்ந்தவன். சனி, ஞாயிறுகளில் இரண்டு மூன்று பேராக இந்தக் குன்றுகளில் நடப்போம். எங்களை மலையேறிகள் என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். தேத்தண்ணி குடிக்க ஒரு சாட்டு, அவ்வளவுதான்.

திருகோணமலையில் உயரத்தில் நின்று கடல் பார்க்க எங்கெங்கே போகலாம்?

முதலில் கோணமலை. சம்பந்தர் 'கோணமாமலை' என்று பாடிய அதே பாறைதான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையின் உச்சியில் கோயில், அடிவாரத்தில் பிரெட்ரிக் கோட்டை. அடுத்தது உவர்மலை. அது திறந்த கடலைப் பார்க்கும் இடமல்ல, உள்துறைமுகத்தைப் பார்க்கும் இடம். நகரை விட்டு வெளியே போனால் கன்னியாப் பக்கத்துக் குன்றுகள், வடக்கே குச்சவெளிப் பாறை, அதற்கும் அப்பால் திரியாய் மலை.

ஓஸ்டன்பேர்க் குன்றைப் பற்றியும் கேட்கிறார்கள். துறைமுக வாயிலைக் காத்த டச்சுக்காரரின் கோட்டை அங்கேதான் இருக்கிறது. அது கடற்படைத் தளத்துக்குள் அகப்பட்ட இடம். அனுமதி எடுக்காமல் வாசலில் போய் நின்று வாதாடுவதில் பயனில்லை.

ஒரே ஒரு காலைப்பொழுதுதான் இருக்கிறது. எங்கே போவது?

கோணமலைக்கு. யோசிக்கவே வேண்டாம்.

கோணேசர் கோயில் ஏற்றம் கடினமா? வயதானவர்கள் நடப்பார்களா?

கோட்டை வாசலிலிருந்து கோயில் வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். முழுக்கத் தார்ரோடு. முதல் பாதி ஏறுவதே தெரியாது. மரநிழல், ஆமி முகாம், ரோட்டோரம் படுத்திருக்கும் புள்ளிமான்கள். பிறகு கொஞ்சம் நெஞ்சு வாங்கும். முழங்கால் நோ உள்ளவர்கள் ஓட்டோவில் மேலே போய் இறங்கி, வரும்போது நடக்கலாம் என்பார்கள். நான் மறுபக்கமாகச் சொல்வேன். முழங்காலைப் பழுதாக்குவது இறக்கம்தான். ஏறும்போது நின்று நின்று ஏறுங்கள், இறங்கும்போது ஓட்டோ பிடியுங்கள்.

கோட்டை வாசலைக் கடக்கும்போது அவசரப்படாதீர்கள். வாசற்கல்லில் இரட்டைக் கயல் சின்னமும் ஒரு தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றன. பழைய மன்னன் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கீசன், பிரிப்பான் என்று அதில் வரும். போர்த்துக்கீசர் 1622இல் கோயிலை இடித்தார்கள், அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். அதாவது நீங்கள் மலைக்கு ஏறத் தொடங்குமுன்பே பழைய கோயிலின் ஒரு துண்டைத் தாண்டித்தான் போகிறீர்கள். கன பேர் அந்த இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள்.

எந்த நேரம் நல்லது?

வெள்ளனவே போங்கள். கிழக்குக் கரை என்பதால் சூரியன் நேரே கடலிலிருந்து எழும்பும். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்போ பின்போ, மாதத்தைப் பொறுத்தது. வெளிச்சம் வருமுன் ஓரத்துக்குப் போய் இடம் பிடிக்க வேண்டியதில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் நின்றாலே தெரியும்.

பத்து மணிக்குப் பிறகு பாறை கொதிக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டிய இடம் என்பதை மறந்துவிட்டு மத்தியானம் வருகிறவர்கள் கோழி மாதிரி கால் மாற்றி மாற்றித் துள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். சிரிக்கக் கூடாது, ஆனால் சிரிப்பு வரும். பின்னேரம் நல்ல நிழல் கிடைக்கும், கடலின் நிறமும் ஆழமாக இருக்கும். ஆனால் பொழுதுபடுவதைப் பார்க்க ஆசையென்றால் கோணமலை சரியான இடமல்ல, அது உவர்மலையின் வேலை.

எந்த மாதத்தில் வரலாம்?

எல்லோரும் மழையைத்தான் கேட்கிறார்கள். ஓரத்தில் நடக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது காற்றை.

எங்கள் பக்கத்தில் இரண்டு பெரிய காற்று. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டைத் தாண்டும்போது மழையை அங்கேயே கொட்டிவிட்டு, காய்ந்த வெப்பக் காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. (கோயில் வழியில் சுருளில் விற்பதும் கச்சான்தான், அது வேர்க்கடலை. வெளிநாட்டிலிருந்து வரும் மருமக்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.) கார்த்திகை, மார்கழியில் வாடை. அது வடகிழக்கிலிருந்து கடல் வழியாக மழையோடு வரும்.

இப்போது கோணமலையின் கிழக்கு விளிம்பில் கடலைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாடை முகத்தில் அடிக்கும், உங்களைப் பின்னுக்குத் தள்ளும். கச்சான் முதுகில் அடிக்கும், கடல் பக்கம் தள்ளும். வானம் நீலமாக, கடல் கண்ணாடியாக, படத்துக்கு வடிவாக இருக்கிற ஜூன், ஜூலையில்தான் காற்று உங்களை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் ஆபத்து வேறு: கல் நனைந்து வழுக்கும். ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து, எல்லோரும் தாமாகவே கவனமாக இருப்பார்கள். கச்சான் காலத்தில் யாரும் கவனிப்பதில்லை.

போன வருடம் என் ஒன்றுவிட்ட தம்பிக்கு நடந்தது இதுதான். நீலத் தொப்பி போட்டிருந்தான். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் பாதுகாப்பாகத்தான் நின்றான். பின்னாலிருந்து ஒரு வீச்சு வந்தது, தொப்பி எழும்பியது. அவன் கை, மூளையைக் கேட்காமலே தொப்பியின் பின்னால் போனது. கைக்குப் பின்னால் தோள், தோளுக்குப் பின்னால் வயிறு வரைக்கும் வேலிக்கு மேலால். நான் அவன் பெல்டைப் பிடித்தேன். அவன் திரும்பிப் பார்த்து, "என்ன அண்ணா?" என்றான். தான் எவ்வளவு தூரம் வெளியே சாய்ந்தான் என்பது அவனுக்கே தெரியவில்லை. அதிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம்: ஏறுமுன் தொப்பி பைக்குள், துப்பட்டா இடுப்பில், போன் கழுத்துப் பட்டியில்.

மார்ச், ஏப்ரலில் கடலும் காற்றும் பெரும்பாலும் அமைதி. எனக்குப் பிடித்த மாதங்கள் அவை.

வேலியைத் தாண்டினால் இன்னும் வடிவான படம் கிடைக்குமாமே?

கிடைக்காது. இது பயமுறுத்தல் அல்ல, படக் கணக்கு. கடலும் வானமும் எவ்வளவோ தொலைவில் இருக்கின்றன. நீங்கள் இரண்டடி முன்னே போனால் அவற்றில் ஒன்றும் மாறாது. மாறுவது உங்கள் காலடியில் இருப்பது மட்டும்தான். படத்துக்கு ஆழம் வேண்டுமென்றால் பின்னுக்கு வாருங்கள். பாறையும் ஒரு மரக்கிளையும் முன்னால் விழட்டும், அப்போதுதான் எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்கு விளங்கும்.

இன்னொரு விஷயம் மேலே நின்றால் தெரியாது. ஒரு முறை படகில் போய்க் கீழேயிருந்து கோணமலையைப் பாருங்கள். மேலே நீங்கள் 'தரை' என்று நினைத்த இடங்களில் சில வெறும் பற்றை. பாறை உள்ளே போயிருக்கும், பற்றை மட்டும் வேரைப் பிடித்துக்கொண்டு வெளியே நீட்டி நிற்கும். புல்லும் சருகும் அதன்மேல் படிந்து, மேலிருந்து பார்க்கிறவருக்கு மண் மாதிரியே தோன்றும். அதற்குக் கீழே கடல்வரை 300 அடிக்கு மேல் வெறும் காற்று.

உப்புக்காற்றில் பாறையின் மேற்தோலும் பொருக்குப் பொருக்காகக் கழன்று வரும். கையால் நிமிண்டினாலே பெயர்ந்துவிடும் இடங்கள் உண்டு. அந்தப் பொருக்கு காலுக்குக் கீழே அகப்பட்டால் மணல்மேல் போட்ட பலகை மாதிரி சறுக்கும்.

சரி, நடக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

என் பெரியப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். கப்பல் தட்டில் நடக்கிறவர்களின் பழக்கம் ஒன்றை எங்களுக்குச் சின்ன வயதில் அடித்தடித்துச் சொல்லித் தந்தார். நடந்தால் காலைப் பார், கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நில். இரண்டையும் ஒன்றாகச் செய்யாதே. எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வீடியோ எடுத்துக்கொண்டே பின்பக்கமாக நடக்கிறவர்களைப் பார்த்தால் அவருக்கு என்ன வந்திருக்குமோ தெரியாது.

ஓரமாக நடக்கும்போது தோள்பையை மலைப்பக்கத் தோளில் போடுங்கள், பை பாறையில் இடித்தாலும் பரவாயில்லை. ஒடுங்கிய வழியில் எதிரே ஆள் வந்தால், மலைப்பக்கம் ஒதுங்கி நின்று வழி விடுங்கள். நீங்கள் அவரைச் சுற்றி வெளிப்பக்கமாகப் போகவே கூடாது.

இராவணன் வெட்டு என்பது எது? அதற்குப் பக்கத்தில் போகலாமா?

பாறையை மேலிருந்து கீழ்வரை பிளந்த மாதிரி ஓர் இடுக்கு. தாய்க்காகக் கோணமலையையே பெயர்த்துக்கொண்டு போக வந்த இராவணன் வாளால் வெட்டிய இடம் என்பது கதை. பக்கத்தில் இராவணன் சிலையும் இருக்கிறது. அங்கே உள்ள மரத்தில் பிள்ளை வரம் கேட்டுச் சின்னச் சின்னத் தொட்டில்கள் கட்டியிருப்பார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தால் கீழே அலை வந்து இடுக்குக்குள் நுழைந்து வெள்ளையாகி வெளியே போவது தெரியும். ஓசை கொஞ்சம் பிந்தித்தான் மேலே வரும்.

எட்டிப் பார்க்கும்போது ஒரு கை கம்பியில் இருக்கட்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் தள்ளுவார்கள், வேண்டுமென்று இல்லை, ஆர்வத்தில். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாட்களிலும் பள்ளிச் சுற்றுலாக் காலத்திலும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். அந்த நாட்களில் நான் அந்த மூலைக்கே போவதில்லை. சிவராத்திரிக்கும் அப்படித்தான், அன்று கோயிலுக்குப் போவேன், ஓரத்துக்குப் போக மாட்டேன்.

அங்கே ஒரு டச்சுப் பெண் குதித்தாள் என்கிறார்களே?

பிரான்சினா வான் ரீட் என்ற பெண், காதலன் ஏறிய கப்பல் போவதைக் கண்டு விழுந்தாள் என்று ஒரு கதை. 1687 என்று குறிக்கப்பட்ட தூண் ஒன்றும் மலையில் இருக்கிறது. அந்தத் தூணே பழைய கோயிலின் தூண் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். வழிகாட்டிகளுக்கு அவள் கதை பிடிக்கும். எனக்கு 1956இல் நடந்தது பிடிக்கும். சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இந்தப் பாறைக்குக் கீழே கடலில் மூழ்கிப் பார்த்து, பழைய கோயிலின் கற்களைக் கண்டார்கள். மேலே நிற்கும்போது கீழே தண்ணீருக்குள் செதுக்கிய தூண்கள் கிடக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். இப்போதுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

கூட்டிப் போங்கள், மான் பார்க்கவே வருவார்கள். ஓரத்தில் உள்ளங்கையைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். வியர்த்த கை நழுவும். நான்கு பேருக்கு ஒரு பிள்ளை என்றால் அந்தப் பிள்ளையை ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், நான் கண்ட அனுபவம் அது. இந்த இடம் முதல் அந்த இடம் வரை பிள்ளை யார் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நடங்கள்.

கைக்குழந்தையைக் கம்பியில் இருத்திப் படம் எடுக்கும் அப்பாமாருக்கு என்னிடம் பதில் இல்லை.

உயரத்தில் எனக்குத் தலை சுற்றும். வரலாமா?

வரலாம். கோயில் வளவு அகலமானது, ஓரத்துக்குப் போகாமலே கடல் தெரியும். சுற்று வந்தால் கீழே பார்க்காமல் தூரத்துக் கடல்கோட்டைப் பாருங்கள், உடனே குந்திவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. காலையில் சாப்பிடாமல் விரதத்தோடு ஏறி வெயிலில் நிற்பவர்களுக்கும் இது வரும். அது உயரத்தால் வருவதல்ல, வெறும் வயிற்றால் வருவது. தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும்.

மேலே நின்றே திமிங்கிலம் பார்க்கலாம் என்பது உண்மையா?

உண்மை. திருகோணமலைக்கு முன்னால் கடலடியில் மிக ஆழமான ஒரு பள்ளத்தாக்கு கரைக்குக் கிட்டவே வருகிறது. அதனால் நீலத் திமிங்கிலம் மற்ற ஊர்களில் போல வெகுதூரம் போகாமல் இங்கே கரைக்குப் பக்கமாக வந்து போகும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களில் பாருங்கள், அமைதியான காலைக் கடல் வேண்டும்.

உடம்பைத் தேடாதீர்கள், மூச்சைத் தேடுங்கள். சமதரையாகக் கிடக்கும் கடலில் ஒரு வெள்ளைப் புகை நேரே எழும்பும், 30 அடி வரை போகும், கரைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதற்குக் கீழேதான் கரிய நீலமாக ஒரு நீண்ட முதுகு உருளும். நான் பத்து முறை போனால் இரண்டு முறை கண்டிருப்பேன். பைனாகுலர் கொண்டுவருகிறவர்கள் கவனம்: அதைக் கண்ணில் வைத்தபடி ஓரடியும் எடுத்து வைக்க வேண்டாம். குந்தியிருந்து பாருங்கள்.

ட்ரோன் விடலாமா?

வேண்டாம். நாட்டில் எங்கும் அதற்கு அனுமதி வேண்டும், இங்கேயோ சுற்றிவர ஆமியும் நேவியும்.

உவர்மலையில் என்ன இருக்கிறது?

வீடுகளும் அலுவலகங்களும் உள்ள சாதாரணக் குன்று. பாறை விளிம்பு என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் பின்னேரம் ஐந்தரைக்கு அங்கே சரிவான ரோட்டில் நடந்து பாருங்கள். உள்துறைமுகம் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும், சுற்றிவரக் குன்றுகள், மறுகரையில் சீனன்குடா, பிரிமா மாவு ஆலையின் வெள்ளைக் கட்டடம். பொழுது அந்தக் குன்றுகளுக்குப் பின்னால்தான் விழும். நாலு பக்கமும் மலை மறைப்பதால்தான் இந்தத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கீசர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் அடிபட்டார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட வந்ததும் இதற்காகத்தான். வரலாற்றுப் புத்தகம் படித்து விளங்காதது அந்தச் சரிவில் பத்து நிமிடம் நின்றால் விளங்கும்.

கன்னியாவில் மலை ஏறலாமா?

கன்னியாவுக்கு ஆட்கள் போவது ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்காக. நகரிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் அளவில். தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் நிலத்தில் குத்திய ஏழு இடங்கள் என்பது கதை. ஒரே தாய், ஒரே மகன், அங்கே வெட்டு, இங்கே குத்து. பக்கத்துக் குன்றுகளில் காட்டுப் பாதைகள் உண்டு. வழி தெரிந்த ஊராள் ஒருவர் இல்லாமல் ஏறாதீர்கள். பொழுதுபட்டால் யானை, குரங்குக்கு நேரகாலமே கிடையாது.

குச்சவெளி, திரியாய்?

குச்சவெளியில் கடலுக்குள்ளேயே பாறை, பக்கத்தில் வெளிச்சவீடு. உயரம் குறைவு என்று நினைத்து அசட்டையாக இறங்குவார்கள். அங்கே ஆபத்து உயரமல்ல, பாசி. அலை தொடும் கல்லில் கறுப்பாகவோ பச்சையாகவோ தெரிந்தால் அதில் கால் வைக்க வேண்டாம். காய்ந்த வெள்ளைக் கல்லில் மட்டும் நடங்கள்.

திரியாய் நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். படிகள் ஏறிப்போனால் உச்சியில் கிரிகண்டி என்ற பழைய பௌத்தத் தூபி, வட்டமாகக் கற்றூண்கள். பாறையில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டும் உண்டு. அங்கிருந்து வயலும் களப்பும் கடலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். வழிபாட்டு இடம், செருப்பைக் கழற்ற வேண்டும், உடுப்பும் அதற்கேற்றபடி. அந்த ரோட்டில் யானை நடமாட்டம் இருப்பதால் பின்னேரம் நாலு மணிக்கே இறங்கித் திரும்பிவிடுங்கள்.

மானுக்குத் தீனி போடலாமா?

போடாதீர்கள். பொலித்தீன் பையோடு சேர்த்து விழுங்கிவிடும். கச்சான் சுருளைக்கூட ஒளித்து வையுங்கள், பையைத் தேடி மூக்கை நீட்டும்.

யாராவது விழுந்தால், காலை முறித்தால்?

அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. கோணமலையில் என்றால் கோயில் ஆட்களும் ஆமிக்காரரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள், முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். விழுந்தவரைப் பார்க்க ஓரத்துக்கு நாலு பேர் ஓடாதீர்கள், ஒருவர் குந்திக்கொண்டு பேச்சுக் கொடுத்தால் காணும். கணுக்கால் சுளுக்கினால் சப்பாத்தைக் கழற்றாமல் இறக்கிக்கொண்டு வாருங்கள். கழற்றினால் வீங்கிவிடும், திரும்பப் போட ஏலாது.

அந்தத் தொப்பி கிடைத்ததா?

இதைக் கேட்காதவர் இல்லை. அன்று கிடைக்கவில்லை, கச்சான் அதைக் கடல்மேல் கொண்டுபோனதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்று கிழமை கழித்துத் திருக்கடலூரில் மீன் வாங்கப் போனபோது, வலை தட்டிக்கொண்டிருந்த ஒருவர் தலையில் உப்புப் பூத்த நீலத் தொப்பி ஒன்று இருந்தது. தம்பி என்னைப் பார்த்தான். நான் மீனைப் பார்த்தேன். இரண்டு கிலோ பாரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.